ஹில்டி விட்டுவிடும் பந்துகள்

1940-இல் வந்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படம் என்று வாயெடுத்தாலே எல்லோரும் வேகம் என்கிறார்கள். நிமிடத்துக்கு 240 சொல் என்றொரு கணக்கு புத்தகத்துக்குப் புத்தகம், பட்டியலுக்குப் பட்டியல் கைமாறிக்கொண்டிருக்கிறது. எந்தக் காட்சியில் எண்ணினார்கள், எல்லோரும் சேர்ந்து கத்தும் இடத்தை எப்படி எண்ணினார்கள் என்று கேட்பாரில்லை. வேகமாகப் பேசுவதுதான் திறமை என்றால் ஏலக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஆஸ்கர் கொடுத்திருக்க வேண்டும்.

கதைச் சுருக்கம் இங்கே கிடையாது. எர்ல் வில்லியம்ஸ் தப்பினாரா, ஆல்பனி ரயில் போனதா என்பதெல்லாம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு மனப்பாடம். நான் பேசப்போவது ஒரே ஒரு ஆட்டக்காரரைப் பற்றி. நிருபர் ஹில்டி ஜான்சனாக வந்தவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய மற்ற படங்களும் வரிசையில் வந்து நிற்கும், விவாதம் திசைமாறிவிடும். எதிரே ஹில்டியின் முன்னாள் கணவரும் பத்திரிகை ஆசிரியருமான வால்ட்டர் பர்ன்ஸாக ஆடியவருக்கும் அதே மரியாதைதான்.

டெஸ்ட் ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையைத் தூக்கி விட்டுவிடுவதை ஹைலைட்ஸில் யாரும் காட்டுவதில்லை. இன்னிங்ஸ் நிற்பதோ அந்தப் பந்துகளில்தான். ஹில்டியின் ஆட்டமும் அந்த ரகம். அவர் அடித்த பந்துகளை எல்லோரும் எண்ணிவிட்டார்கள். விட்ட பந்துகளை எண்ணியவர் குறைவு.

முதலில் இந்த ஆடுகளம் எப்படிப் போடப்பட்டது என்று பார்ப்போம். இயக்குநர் ஹாவர்டு ஹாக்ஸ் பிற்காலப் பேட்டிகளில் இதன் சூட்சுமத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வசனத்தின் தலையிலும் வாலிலும் அவசியமில்லாத சில சொற்களைச் சேர்த்துவிட வேண்டும். ஒருவர் பேச்சின் வால்மீது இன்னொருவர் பேச்சின் தலை ஏறினாலும் நஷ்டம் கிடையாது. சரக்கு நடுவில் இருக்கிறது. சார்லஸ் லெடரரின் திரைக்கதை அப்படித்தான் ஓடுகிறது. ஒலியைத் தனித்தனித் தடங்களில் பதிந்து பிறகு பிரித்தெடுக்கும் வசதி வராத காலம் அது. படப்பிடிப்பிலேயே பல மைக்குகளை வைத்து, பேசுகிறவருக்கு ஏற்ப மாற்றி மாற்றித் திறந்து மூடியிருக்கிறார்கள். அதாவது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்று நமக்குத் தோன்றும் இடத்தில் உண்மையில் நடப்பது ஒரு பங்கீடு. இந்தச் சொல் உனக்கு, அந்தச் சொல் எனக்கு.

பங்கீட்டை நடத்துவது யார் என்பதில்தான் எனக்கும் பொதுக்கருத்துக்கும் சண்டை. வால்ட்டர் நடத்துகிறார் என்பது பொதுக்கருத்து. சத்தம் அவருடையது, அதனால் ஆட்டமும் அவருடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மார்னிங் போஸ்ட் அலுவலகத்தில் வரும் முதல் மோதலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஹில்டி ஒரே ஒரு செய்தியோடு வந்திருக்கிறார்: எனக்கு மறுமணம். அதைச் சொல்ல வால்ட்டர் விடமாட்டேன் என்கிறார். பழைய கதை, பழைய சண்டை, வேலைக்குத் திரும்பி வா என்ற கெஞ்சல், அதட்டல் என்று கொட்டுகிறார். அவர் வாக்கியத்தின் நடுவில் ஹில்டி பெரும்பாலும் கை வைப்பதில்லை. சரக்கு இறங்கி முடிந்து வால் ஆடும்போதுதான் உள்ளே வருகிறார். அதனால்தான் வால்ட்டரின் நகைச்சுவை நமக்கு முழுசாகக் கேட்கிறது. கடைசியில் செய்தியை வாயால் சொல்லி ஜெயிக்கவும் இல்லை. கையுறையைக் கழற்றி மோதிரத்தைக் காட்டுகிறார். அத்தனை நேரம் விட்டுக்கொண்டே வந்து, தனக்கென்று ஒரு பந்து வந்ததும் அதை மட்டும் அடித்த ஆட்டம் அது.

கைப்பையைத் தூக்கி எறிகிறாரே, அது இருக்கட்டும். அது கைதட்டலுக்கு. குறி தப்பிவிட்டது, முன்பெல்லாம் நன்றாக எறிவாய் என்று வால்ட்டர் கிண்டல் செய்வதும் கைதட்டலுக்குத்தான்.

இந்த ஆட்டக்காரர் வாய்ப்பேச்சுக்குப் பஞ்சப்பட்டவரும் இல்லை. எதிராளிக்குத்தான் நல்ல வசனமெல்லாம் போகிறது என்று பட்டு, விளம்பரத்துறையில் இருந்த ஒருவரைத் தன் சொந்தப் பணத்தில் அமர்த்தி வசனம் எழுதி வாங்கியதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். இந்த வேடத்தை அவருக்கு முன்பு பல நடிகைகள் வேண்டாம் என்று தள்ளியிருந்தார்கள். தான் முதல் தேர்வு இல்லை என்று தெரிந்தேதான் களமிறங்கினார். காசு கொடுத்து வசனம் வாங்கியவர் அதை எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்றும் தெரிந்து வைத்திருந்தார். எனக்கு வியப்பு அங்கேதான்.

இனி பத்திரிகையாளர் அறை. மேசையைச் சுற்றி நிருபர்கள் சீட்டாடுகிறார்கள். ஆளுக்கொரு தொலைபேசி. ஜன்னலுக்குக் கீழே தூக்குமேடை. எர்லுக்கு இரக்கம் காட்டிய மாலி மல்லாய் வந்து, தன்னைப் பற்றி அவர்கள் எழுதிய பொய்களுக்காக வயிறெரிந்து கத்துகிறார். அவர்கள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒற்றை ஒற்றை வார்த்தையாகக் குத்துகிறார்கள். ஹில்டியும் அந்தக் கூட்டத்து ஆள்தான், அதே தொழில், அதே நாக்கு. இந்த இடத்தில் மற்றவர்களுக்குச் சூடாக ஒரு பதில் கொடுக்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கிறது. வேறு எந்த நடிகையாக இருந்தாலும் எடுத்திருப்பார். இவர் எழுந்து மாலியின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். கதவு மூடுகிறது.

அதன் பிறகு அறையில் யாரும் பேசுவதில்லை. இந்தப் படத்தில் தொடக்கத்தையும் முடிவையும் விட்டால் பின்னணி இசை என்று ஒன்று கிடையாது. அதனால் இந்த மௌனம் வெறும் மௌனமாகவே நம்மீது விழுகிறது, வயலின் வந்து தாங்கிப் பிடிக்காது. ஹில்டி திரும்பி வந்து, வாசலில் நின்றபடி, பத்திரிகை உலகத்துக் கனவான்கள் என்று ஒரு சின்ன வரியை அவர்கள் முன் போடுகிறார். அவ்வளவுதான். ஒரு பக்க வசனம் எழுதியிருந்தாலும் அந்த வரியின் எடை வந்திருக்காது. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுகிறவர்கள் இந்த நிமிடத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே சிறைக்காட்சி. படம் ஏதோ தவறிப்போய் வேகம் குறைந்த இடம், மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம் என்று இதைப் பலர் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தப் படமும் இந்தக் காட்சிக்குப் பவுண்டரி கோடு போட்டதுபோல் சுற்றி நிற்கிறது. கோடுபோட்ட உடுப்பும் தொப்பியுமாக ஹில்டி கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே எர்ல் வில்லியம்ஸ், குரல் எழும்பாத மனிதர், மறுநாள் தூக்கு. ஹில்டியின் குரல் அவருடைய குரலுக்குக் கீழே இறங்குகிறது. ஒரு கேள்வி கேட்கிறார், காத்திருக்கிறார். வேலை போனபின் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தீர்களே, அங்கே பேசுகிறவர்கள் என்ன பேசினார்கள்? அவர் யோசித்து யோசித்து நினைவுக்குக் கொண்டுவருகிறார்: பொருள்கள் பயன்பாட்டுக்காகவே உற்பத்தியாக வேண்டும் என்று ஒருவர் பேசினார். ஹில்டி அதைப் பிடித்துக்கொள்கிறார். பிடித்துக்கொண்டது முகத்தில் தெரியாது. துப்பாக்கி எதற்குப் பயன்படும் என்று கேட்கிறார். சுடுவதற்கு என்று தானாகவே எர்ல் வந்து சேர்கிறார். அதனால்தான் சுட்டீர்களோ என்னவோ என்று ஹில்டி மெல்லத் தள்ளிவிடுகிறார். இருக்கலாம், நியாயமாகத்தான் படுகிறது என்று அந்த மனிதர் ஒப்புக்கொள்கிறார்.

நிருபர் தொழில் தெரிந்தவர்களுக்கு இங்கே முதுகெலும்பு சில்லிட வேண்டும். ஹில்டி அவர்மீது இரக்கப்படுகிறார், அது நடிப்பு இல்லை. அதே மூச்சில் அவர் வாயில் தன் தலைப்புச் செய்தியை வைத்துவிட்டு வருகிறார், அதுவும் நடிப்பு இல்லை. இரண்டும் ஒரே அமைதியில் நடக்கின்றன. நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் இப்படிக் கேட்டால் எதிர்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கும். இங்கே ஆட்சேபிக்க ஆளில்லை. அவசரப்பட்டு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் எர்ல் மிரண்டிருப்பார், நாமும் ஹில்டியின் வேலையைக் கையும் களவுமாகப் பிடித்திருப்போம். அந்தக் கூடுதல் கேள்வியை அவர் கேட்கவில்லை. வாழ்த்துச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார். பிறகு அவர் எழுதிய பேட்டியை மற்ற நிருபர்கள் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு அசந்துபோகிறார்களே, அந்தப் பேட்டி இப்படி வந்ததுதான்.

சிறையிலிருந்து ஆள் தப்பியதும் ஹில்டி தெருவில் ஓடி, சிறை அதிகாரியைப் பாய்ந்து பிடித்துத் தரையில் தள்ளுவதைத்தான் துண்டுக் காட்சியாக வெட்டி வெட்டிப் பகிர்கிறார்கள். நல்ல பாய்ச்சல், ஒப்புக்கொள்கிறேன். ரக்பி பயிற்சியாளர்கூட குறை சொல்ல மாட்டார். ஆனால் அந்தப் பாய்ச்சலுக்கு முன்னால் ஒரு கணம் இருக்கிறது. துப்பாக்கிச் சத்தம், சங்கொலி, எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். சற்று முன்புதான் தன் பேட்டியை வால்ட்டருக்குக் கேட்கும்படி தொலைபேசியிலேயே கிழித்துப்போட்டு, தொழிலுக்கே முழுக்குப்போட்டவர். அறையில் தனியாக நிற்கிறார். பிறகுதான் தொலைபேசியை எடுக்கிறார். அந்த இடைவெளிதான் முடிவு. பாய்ச்சல் வெறும் விளைவு.

நாடகத்திலிருந்து வந்த படம் என்பதை இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது. பென் ஹெக்ட், சார்லஸ் மெக்ஆர்தர் இருவருமே சிகாகோவில் நிருபர்களாக இருந்தவர்கள். அவர்கள் எழுதிய 'தி ஃப்ரண்ட் பேஜ்' 1928 ஆகஸ்டில் நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயர் தியேட்டரில் மேடையேறியது. இயக்கியவர் ஜார்ஜ் எஸ். காஃப்மன். 1931-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் ஒருமுறை படமாக்கினார். அந்த இரண்டிலும் ஹில்டி ஆண். பெண் ஒருத்தி ஹில்டியின் வசனத்தைப் படித்துக் கேட்டபோது இன்னும் நன்றாக இருந்ததால் மாற்றினேன் என்று ஹாக்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கதையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. நாடகத்தில் வால்ட்டர் பர்ன்ஸ் நேரில் மேடைக்கு வருவது இரண்டாம் அங்கத்தின் முடிவில்தான். அதுவரை தொலைபேசி வழியாகத்தான் அவர் இருக்கிறார். அலுவலகம், உணவகம் என்று முன்பகுதி முழுவதையும் புதிதாக எழுதி வால்ட்டருக்கு ஆரம்பத்திலேயே களத்தைக் கொடுத்தது படம்தான். ஆக ஹில்டியை ஆடியவர், மூல ஆட்டத்தில் இல்லாத ஒரு முழு நேர எதிராளியைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மேடையில் எங்கே நிறுத்த வேண்டும் என்று ரசிகர்கள் சொல்லிவிடுவார்கள். சிரிப்பு எழுந்தால் நடிகர் காத்திருப்பார், அடங்கத் தொடங்கும்போது அடுத்த வரியைப் போடுவார். கேமராவுக்கு முன்னால் சிரிக்க ஆளில்லை. எங்கே விட வேண்டும் என்பதை ஆட்டக்காரரே அறையின் அமைதியில் ஊகித்துச் செய்தாக வேண்டும். அந்தப் படத்துக்காக எடுத்த ஊகம் இன்றைக்கும் அரங்கத்தில் பலிக்கிறது.

வால்ட்டர் கட்சிக்காரர்களின் வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. தொலைபேசியில் தன் அலுவலகத்து டஃபியிடம் முதல் பக்கத்தைக் கலைத்துப்போடும் காட்சியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஐரோப்பாவில் போர் நடக்கிறது, ஹிட்லரைச் சித்திரக்கதைப் பக்கத்துக்கு அனுப்பு, சேவல் செய்தியை மட்டும் தொடாதே என்கிறார். அற்புதம்தான். எதிராளி நன்றாக ஆடவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? மேயரை மிரட்டும்போது தன் இயற்பெயரையே வசனத்தில் நுழைத்துவிட்ட மனிதர் அவர், அவருக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அந்தக் காட்சியில் அவருக்குப் பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரைப் பாருங்கள். அவர் ஒரு வரி கூட அதிகமாகப் பேசாததால்தான் அந்தத் தொலைபேசி ஒலிக்கிறது.

அதே தட்டச்சு இயந்திரத்தின் முன்னால்தான் ஹில்டி மணக்கப்போகும் ப்ரூஸ் வந்து நிற்கிறார். ரயிலைப் பற்றிக் கேட்கிறார், என்னோடு வர உனக்கு விருப்பமே இல்லை, அப்படித்தானே என்று கேட்கிறார். ஹில்டி விரல்களை நிறுத்துவதில்லை. நான் பத்திரிகைக்காரி என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார், அதையும் காகிதத்தைப் பார்த்தே சொல்கிறார். ப்ரூஸ் போய்விடுகிறார். வெகுநேரம் கழித்து, ப்ரூஸ் எங்கே என்று கேட்கிறார் பாருங்கள், அந்தத் தாமதத்தில் அரங்கமே சிரிக்கும். இது மட்டும் அவர் வேண்டுமென்று விட்ட பந்து இல்லை. கண்ணிலேயே படாத பந்து. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்படி ஆடியிருக்கிறார்.

கடைசியில் அழுகை. நேர்மையாக இதையும் பேசியாக வேண்டும், ஏனென்றால் வால்ட்டர் ஜெயித்தார் என்பதற்கு இதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள். வால்ட்டர் உண்மையிலேயே தன்னை ப்ரூஸிடம் அனுப்புகிறார் என்று ஹில்டி நம்பிவிடுகிறார். கள்ள நோட்டு விவகாரத்தில் ப்ரூஸ் மறுபடியும் மாட்டியிருக்கிறார் என்ற தொலைபேசி வந்ததும் உடைந்து அழுகிறார். பெண்ணை அழவைத்து அடக்கிவிட்டார்கள் என்று ஒரு விமர்சனம், காதல் ஜெயித்தது என்று இன்னொன்று. எனக்குத் தெரிவது, ஒன்றரை மணிநேரம் ஒரு பந்தைக்கூடத் தவறாகக் கணிக்காதவர் வெளியே போகிறது என்று விட்ட ஒரே ஒரு பந்து உள்ளே திரும்பி ஸ்டம்பைத் தட்டிவிட்டது. அந்த அதிர்ச்சியில் அழுகிறார். பிறகு பெட்டியைத் தானே சுமந்துகொண்டு வால்ட்டருக்குப் பின்னால் ஓடுவது எனக்கும் பிடிக்கவில்லை. அதற்காக அவர் ஆட்டத்தின் மதிப்பைக் குறைக்கவும் மாட்டேன். நாடகத்தின் முடிவு வேறு. வால்ட்டர் தன் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்து வழியனுப்பிவிட்டு, திருட்டுப் புகார் கொடுத்துப் பிடித்துவரச் செய்வார். படம் அந்தக் கடிகாரத்தை முன்பே ப்ரூஸ்மீது செலவழித்துவிட்டது.

இனி வரப்போவதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் இந்த நாடகத்தின் பதிப்புரிமை 2024 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. உரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் 1940 படம் அதற்கு வெகுகாலம் முன்பே பொதுச் சொத்து. இனி அங்கே யாருடைய அனுமதியும் வேண்டாம். பல புதிய பதிப்புகள் வரும், முக்கால்வாசி தோற்கும். நிறுத்தக் கடிகாரத்தை வைத்து ஒத்திகை நடத்துவார்கள். மேடைக்குழுக்கள்தான் முதலில் அடிவாங்கும். படத்தின் தாளத்தில் மேடையில் பேசினால் ரசிகர்களின் சிரிப்பு அடுத்த வரியை விழுங்கிவிடும், இடைவேளைக்குள் கூட்டம் களைத்துவிடும்.

யாராவது ஒருவர் கைப்பேசி காலத்துக்கு மாற்றுவார். 1988-இல் 'ஸ்விட்ச்சிங் சேனல்ஸ்' இதைத் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தது, அதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கைப்பேசி வந்தால் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். ஒரே மேசையில் ஏழெட்டுத் தொலைபேசி, ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும் என்ற நெருக்கடிதான் இந்த ஆட்டத்தின் களம். பில்லி வைல்டர் 1974-இல் படமெடுத்தபோது கதையைப் பழைய காலத்திலேயே வைத்தார், அந்த அளவில் அவர் புத்திசாலி. ஜெயிக்கப்போகும் பதிப்பும் கம்பித் தொலைபேசியை விட்டு வெளியே வராது. கறுப்பின மக்களின் வாக்குக்காக மேயரும் ஷெரீஃபும் தூக்கை அவசரப்படுத்தும் அரசியலை 1940 படம் ஒரு நையாண்டியாக ஓட்டிவிட்டது, சில வசனங்கள் இன்று காதில் குத்துகின்றன. புதிய பதிப்புக்காரர் அங்கே நின்று பேசியே ஆக வேண்டும். நின்று பேசினால் சிறைக்காட்சி இன்னும் நீளும், ஹில்டியின் வேலை இன்னும் கடினமாகும்.

ஹில்டி வேடத்துக்கு மேடைச் சிரிப்பு நிகழ்ச்சிகளில் பெயர் வாங்கிய, வாய் ஓயாத ஒருவரைத்தான் தேடிப் பிடிப்பார்கள். தப்புக் கணக்கு. தேர்வுக்கு வருகிறவர்களைப் பேசச் சொல்வதற்குப் பதில், எதிரே ஒருவரைப் பேசவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள் என்பது என் யோசனை. யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

கடைசியாக ஒரு பந்தயம். இதுவரை ப்ரூஸை எல்லோரும் தலையாட்டி பொம்மையாகவே ஆடவைத்திருக்கிறார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் யாரோ ஒரு இயக்குநர் அந்த இன்ஷூரன்ஸ்காரரைப் புத்திசாலியாக, கையில் குடையோடு வந்தாலும் நிலைமை புரிந்தவராகக் காட்டுவார். அப்போது ஹில்டிக்கு உண்மையிலேயே இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கும், வால்ட்டர் கட்சியில் பாதிப்பேர் மூன்றாவது கட்சிக்கு ஓடிவிடுவார்கள். அந்தப் பதிப்புக்கு நான் இப்போதே முன்வரிசையில் துண்டு போட்டுவிட்டேன்.